கடலோரத் தாவரங்கள்: உறுப்பும் இனமும்

(பிள்ளைச்சாவடியில் ஊர்ப் பெரியோரும் மாணவரும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தாவர சாஸ்திரம் என்ற பெயரைக் கேட்டவுடன், அது பூதக்கண்ணாடியும் உலர்ந்த இலைகள் ஒட்டிய தாள்களும் நிறைந்த கலாசாலைக் கூடத்திற்கே உரியது என்றும், கடலில் தோணி செலுத்தியும் கரையில் தென்னை வளர்த்தும் ஜீவனம் செய்யும் மக்களுக்கு அதனோடு யாதொரு சம்பந்தமும் இல்லை என்றும் கருதுவோர் உளர். அவ்வாறு கருதுவோர், இவ்வூரின் கடற்கரையில் அலை நனைக்கும் மணலுக்கு அப்பால் தொடங்கி, குடியிருப்புகளையும் கிழக்குக் கடற்கரைச் சாலையையும் கடந்து, மேற்கே செம்மண் மேடு தலைப்படும் இடம் வரையில் ஒருமுறை பொறுமையோடு நடந்து பார்ப்பாராயின், கொடியும் புல்லும் புதரும் பனையும் தென்னையும் சவுக்கும் முந்திரியும் வேம்பும் அந்தச் சிறு தூரத்திற்குள்ளேயே அடுத்தடுத்து நின்று, அச்சாஸ்திரத்தின் முதற் பாடங்கள் அனைத்தையும் பிரத்தியட்சமாகக் காட்டக் காண்பர்.

தாவரத்தின் அவயவங்கள் எவை, தாவரங்களின் சாமான்யமான இனங்கள் எவை என்ற இரண்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். வேர், தண்டு, இலை, பூ, காய், விதை என்று ஆறனையும் ஒரு குழந்தையும் விரல் மடக்கிச் சொல்லிவிடும். ஆனால் ஒரு செடியைக் கையில் கொடுத்து, இதில் இலை எது, தண்டு எது என்று கேட்டால், படித்தவர்களும் தடுமாறும் சந்தர்ப்பங்கள் பல உண்டு. தோற்றத்தைக் கண்டு பெயர் சொல்லிவிடுவதே அத்தடுமாற்றத்திற்குக் காரணம். ஓர் உறுப்பு செடியில் எவ்விடத்தில் நிற்கிறது, எதனோடு சேர்ந்து நிற்கிறது, என்ன காரியம் செய்கிறது என்ற மூன்றையும் பார்த்த பிறகே அதற்குப் பெயர் சொல்லுதல் முறை. இனத்தை அறிவதற்கும் இதுவே வழி. இன்றைய பேச்சு முழுவதற்கும் சாரம் இதுதான்.

நமக்கு மிகவும் பழக்கமான சவுக்கு மரத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் இலை எது என்று வினவினால், காற்றில் ஓசையிடும் பச்சை ஊசிகளே இலை என்று நம்மில் பெரும்பாலோர் விடை கூறுவோம். அவ்வூசிகளுள் ஒன்றைப் பறித்து, இரு கைகளாலும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். அது கணுக்கணுவாகக் கழன்று வரும். கழன்ற கணுவின் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்து உற்று நோக்கினால், ஏழெட்டு மிகச் சிறிய பற்கள் வட்டமாக நிற்பது புலனாகும். அந்தப் பற்களே சவுக்கின் இலைகள். நாம் இலையென்று கருதிய ஊசியோ பசுமை பூண்ட மெல்லிய கிளையாகும். கணுவும் கணுவிடையும் உடையதே தண்டு. கணுவிலிருந்து எழுவதே இலை. உப்புக் காற்றும் நீர் தங்காத மணலும் உள்ள நிலத்தில், பரந்த இலைகளை வைத்துக்கொண்டு நீரை வீணாக ஆவியாக்குவதைக் காட்டிலும், இலையைப் பல்லளவாகச் சுருக்கி அதன் தொழிலைக் கிளையினிடம் ஒப்படைத்து விடுவதே அம்மரம் கைக்கொண்ட உபாயம்.

இனி வேரைக் காண்போம். மண்ணைப் பற்றி நிற்பதும், நீரையும் அதிற் கரைந்த உப்புகளையும் உறிஞ்சி மேலே அனுப்புவதும் வேரின் பிரதான காரியங்கள். வேம்பின் கன்றைப் பிடுங்கினால் நடுவே ஓர் ஆணிவேர் நேராக இறங்கி, அதிலிருந்து பக்கவேர்கள் பிரிவதைக் காணலாம். தென்னையிலோ ஆணிவேர் என்பதே இல்லை. அடித்தூரிலிருந்து ஏறக்குறைய ஒரே பருமனுள்ள சல்லிவேர்கள் நூற்றுக்கணக்கில் புறப்பட்டு நாற்புறமும் பரவி மணலைக் கவ்விக்கொள்கின்றன. சவுக்கின் வேரைத் தோண்டினால் ஆங்காங்கே சிறு முடிச்சுகள் தென்படும். அவற்றினுள் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்திற்கு உணவாக்கித் தருகின்றன. எருவற்ற மணலில் சவுக்கு தழைத்து நிற்பதன் இரகசியம் இதுவே. புதுச்சேரிக்குத் தெற்கே தேங்காய்த்திட்டின் கழிமுகச் சேற்றில் நிற்கும் வெண்கண்டல் மரங்களின் வேர்களோ, காற்றுப் புகாத சேற்றில் மூச்சுத் திணறாதபடி, விரல் பருமனில் மேல்நோக்கி எழுந்து நின்று சுவாசிக்கின்றன. ஆலின் விழுது வானத்திலிருந்து இறங்குவதாயினும் அதுவும் வேரே.

மண்ணுக்குள் இருப்பன எல்லாம் வேர் என்று கொள்வதும் பிழையாகும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேர், உருளைக்கிழங்கு தண்டு. உருளைக்கிழங்கின் மேல் நாம் கண் என்று சொல்லும் குழிகள் கணுக்களும் அரும்புகளுமே. சர்க்கரைவள்ளியில் அத்தகைய கணு கிடையாது. இஞ்சியிலும் மஞ்சளிலும் வளையம் வளையமாகக் கணுக்கள் தெரிதலின் அவையும் தண்டின் பாற்பட்டவை. வெங்காயமோ இவ்விரண்டும் அன்று. அடியிலுள்ள சிறு தட்டே அதன் தண்டு. நாம் உரித்து உரித்துக் கறிக்கு இடுவன இலைகளின் அடிப்பாகங்கள். நம் சமையலறையில் ஒரே கூடையில் கிடக்கும் சர்க்கரைவள்ளியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் மூன்று வேறு அவயவங்கள் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

தண்டைப் பற்றிய மயக்கம் இதனினும் பெரிது. வாழை மரத்தின் தண்டு என்று நாம் வெட்டிச் சாய்ப்பது, ஒன்றையொன்று தழுவிச் சுற்றிய இலையுறைகளின் திரட்சியே. உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. அக்கிழங்கிலிருந்து பூவைத் தாங்கிக்கொண்டு நடுவே ஏறி வரும் வெண்மையான காம்புதான் நாம் பொரியல் செய்யும் வாழைத்தண்டு. வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியின் தட்டையான பச்சைப் பாகங்களை இலை என்கிறோம். அவை நீரைச் சேமித்து வைத்த தண்டுகள். பனையும் தென்னையும் வேறொரு விசேஷம் உடையவை. வேம்பு ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே போகும். தென்னையோ தூர் கட்டிய பின் உயருமே தவிர, வேம்பைப்போல் ஆண்டுக்கு ஆண்டு வளையமிட்டுப் பருப்பதில்லை. அதன் ஜீவன் முழுவதும் உச்சியிலுள்ள ஒரே குருத்தில் அடங்கியிருத்தலால்தான், காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்து அது அழுகிவிட்டால், மற்றெல்லாப் பாகமும் நலமாக இருந்தும் மரம் பட்டுப்போகிறது.

இலையின் தொழில் சூரிய ஒளியைக் கொண்டு, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் அனுப்பும் நீரையும் சேர்த்து உணவு சமைப்பது. பச்சைப் பாகங்களே இக்காரியத்தைச் செய்கின்றன என்பதையும், ஒளியின்றி அது நடவாது என்பதையும் சோதனைகளால் நிறுவி, யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர் 1779-ல் வெளியிட்டார். நாம் உண்ணும் சோறும், மீன் உண்ணும் பாசியும் முடிவில் இச்சமையலையே ஆதாரமாகக் கொண்டவை.

இலையை இனங்காண்பதற்கு ஒரு யுக்தி உண்டு. இலை எங்கே தண்டோடு சேர்கிறதோ அந்தக் கக்கத்தில் ஓர் அரும்பு இருக்கும். அரும்பு இருந்தால் அது முழு இலை, இல்லையேல் இலையின் ஒரு பகுதி. வேப்பிலை என்று நாம் கிள்ளி எடுக்கும் ஒவ்வொன்றின் அடியிலும் தேடிப் பாருங்கள், அரும்பு தென்படாது. ஈர்க்கு முழுவதும் கிளையோடு சேரும் இடத்தில்தான் அரும்பு இருக்கும். ஆகவே வேப்பங்கொத்து முழுவதும் ஓர் இலை. நாம் இலை என்றவை சிற்றிலைகள். தென்னையில் இந்த யுக்தி இன்னும் தெளிவாக விளங்கும். நன்கு வளரும் தென்னை ஏறக்குறைய மாதத்திற்கு ஒரு மட்டை விடுகிறது. ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலிருந்தும் ஒரு பாளை எழுகிறது. கக்கத்தில் பாளை எழுவதால் மட்டையும் கீற்றும் ஈர்க்கும் சேர்ந்த அந்த நீண்ட அமைப்பு முழுவதும் ஒரே இலை என்பது சந்தேகமின்றி விளங்கும். பாளை விடும் மரத்தில் பச்சை மட்டைகளை வெட்டினால் விளைச்சல் குன்றும் என்று தென்னை வளர்ப்போர் சொல்வதும் இந்த அமைப்போடு பொருந்தி வருகிறது.

பூவைப் பற்றி மேடையிலிருந்து எவ்வளவு சொன்னாலும் போதாது. ஒன்றைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தலே தகும். ஓரடுக்குச் செம்பருத்திப் பூவைக் கொண்டு வாருங்கள். வெளியே ஐந்து நுனிகளுடைய பச்சைக் கிண்ணம் புல்லி வட்டம். அது மொட்டைக் காத்தது. அதனுள் ஐந்து சிவந்த இதழ்கள் அல்லி வட்டம். அவை பறவைகளையும் பூச்சிகளையும் அழைப்பவை. நடுவே நீண்டு நிற்கும் குழலின் மேல் மஞ்சட் பொடி தூவினாற்போல் நிற்பவை மகரந்தத் தாள்கள். விரலில் தொட்டால் ஒட்டும் அப்பொடியே மகரந்தம். குழலின் நுனியைக் கடந்து ஐந்து சிறு குமிழ்கள் தோன்றுகின்றன, அவை சூல்முடிகள். குழலை நெடுகக் கிழித்தால், அச்சூல்முடிகளைத் தாங்கிய மெல்லிய இழை உள்ளே இறங்கி, அடியிலுள்ள சூலகத்தில் சென்று முடிவதைக் காணலாம். அச்சூலகத்தைக் குறுக்கே அரிந்தால் ஐந்து அறைகள். இப்போது ஒரு வெண்டைக்காயைக் குறுக்கே அரிந்து பாருங்கள்; பெரும்பாலும் அதே ஐந்து அறைகள். பூவரசம் பூவையும் பருத்திப் பூவையும் விரித்தால் அதே மகரந்தக் குழல். பூவரசு மரம், வெண்டை செடி, செம்பருத்தி புதர். உயரத்தில் ஒன்றுக்கொன்று யாதொரு ஒப்புமையும் இல்லாத இவை அனைத்தும் ஒரு குடும்பத்தவை என்பதைப் பூவே நமக்குச் சாட்சியாக நின்று உரைக்கிறது.

நிறத்தைக் கண்டு பூ என்று சொல்லிவிடுவதும் ஆகாது. புதுச்சேரி நகரத்துப் பழைய பிரெஞ்சு மாளிகைகளின் மதில்கள் மேல் கொட்டிக் கிடக்கும் காகிதப்பூவில், ஊதாவும் சிவப்புமாக நம் கண்ணைக் கவர்பவை இதழ்கள் அல்ல. மூன்று வர்ண இலைகள். அவற்றின் நடுவே சிறு குழல் வடிவில் வெண்மையாக நிற்பதே பூ. பிரெஞ்சுத் தாவர சாஸ்திரி கொம்மெர்சன் 1767-ல் பிரேசில் நாட்டில் அக்கொடியைக் கண்டு, தம் கப்பல் தலைவராகிய பூகேன்வீல் என்பாரின் பெயரை அதற்குச் சூட்டினார்.

காயும் கனியும் சூலகம் பருத்தமையால் உண்டாவன. விதை சூலகத்தினுள் இருந்த சூல் முதிர்ந்தமையால் உண்டாவது. இந்த இலக்கணத்தை மேற்கே செம்மண் மேட்டிலுள்ள முந்திரியிடம் கொண்டு செல்லுங்கள். மஞ்சளும் சிவப்புமாகத் தொங்கும் முந்திரிப் பழம் உண்மையில் பழமன்று. பூவின் காம்பு பருத்துச் சாறு கொண்ட உருவே அது. அதன் அடியில் வளைந்து தொங்கும் கொட்டையே சூலகத்திலிருந்து வந்த கனி. அதனுள் இருக்கும் பருப்பே விதை. தேங்காயில் உரிமட்டையும் ஓடும் கனியின் சுவர்கள். இளநீரும் வழுக்கையும் முளைக்கும் கன்றுக்கென்று தாய்மரம் சேமித்து வைத்த உணவு. மட்டையின் நார்களுக்கிடையே காற்று தங்குவதால் தேங்காய் கடலில் மிதந்து வேற்றுக் கரைகளுக்குச் சென்று முளைக்கிறது. பனங்கொட்டையை மண்ணில் புதைத்தால், அது முளையைக் கீழே ஆழமாக இறக்கி, அங்கே மாவுப் பொருளைச் சேர்க்கிறது. தைப்பொங்கலின்போது நாம் அவித்து உண்ணும் பனங்கிழங்கு, வேருமன்று முதிர்ந்த தண்டுமன்று, உணவு சேர்த்துத் திரண்ட இளங்கன்றே.

உறுப்புகள் நிற்க, இனி இனங்களுக்கு வருவோம். பூண்டு, செடி, புதர், கொடி, மரம் என்று நாம் உலக வழக்கில் கூறும் பிரிவு வளரும் விதத்தைக் கொண்டது. அது உபயோகமான பிரிவே. ஆயினும் நம் முன்னோர் அதனோடு நின்றுவிடவில்லை. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை அறிவு வகையால் அடுக்குமிடத்துப் புல்லும் மரமும் ஓரறிவுடையன என்று வகுத்து, பின்னர்ப் புறத்தே வயிரம் உடையனவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையனவற்றை மரம் என்றும் பிரித்து, ஒவ்வொன்றின் உறுப்புகளுக்கும் உரிய பெயர்களைத் தனித்தனியே தொகுத்துக் கூறுகிறது. இதன்படி வானளாவ நிற்கும் பனையும் தென்னையும் புல்லினத்தைச் சேர்ந்தன. கேட்போருக்கு இது வியப்பாகத் தோன்றலாம். பனையை அறுத்துப் பார்த்தவர் வியப்படையார். வெளிப்புறம் இரும்பெனக் கடினமாகவும் உட்புறம் மென்மையான நாராகவும் இருக்கும். வேம்பிலோ வெளியே மென்மரமும் உள்ளே வயிரமும் இருக்கும்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில நாட்டு ஜான் ரே என்ற அறிஞர், முளைக்கும்போது ஒரு விதையிலை விடுவன, இரு விதையிலை விடுவன என்று பூக்கும் தாவரங்களைப் பிரித்துக் காட்டினார். நெல், பனை, தென்னை, வாழை, தாழை ஆகியவை ஒரு விதையிலையின. வேம்பு, புளி, அவரை, முந்திரி ஆகியவை இரு விதையிலையின. தொல்காப்பியர் விதையிலையை ஆராய்ந்தார் என்று நான் கூற வரவில்லை. அவர் நோக்கியது வயிரத்தை. ஆனால் உயரத்தையும் பருமனையும் ஒதுக்கிவிட்டு உள்ளமைப்பை நோக்கியமையால், அவர் வகுத்த பிரிவு பிற்காலத்துப் பிரிவோடு பெரிதும் ஒத்துப்போகிறது. ஒரு விதையிலைத் தாவரங்களுக்கு வேறு அடையாளங்களும் உண்டு. இலை நரம்புகள் ஒன்றற்கொன்று இணையாக ஓடும். வேர் சல்லிவேராக இருக்கும். பூவின் உறுப்புகள் மும்மூன்றாக அமையும். தேங்காய்க்கு மூன்று கண் இருப்பதும், பனங்காயைச் சீவினால் பெரும்பாலும் மூன்று நுங்கு இருப்பதும் இந்த மூன்றின் கணக்கே. செம்பருத்தியில் நாம் எண்ணியது ஐந்து. அது இரு விதையிலையினத்தின் கணக்கு.

பூவே இல்லாத இனங்களும் நம்மிடையே உண்டு. கடற்பாறைகளில் படர்ந்திருக்கும் பாசிகளுக்கு வேர், தண்டு, இலை என்ற பாகுபாடே கிடையாது. ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் நாலு சிற்றிலைகளோடு நிற்கும் ஆரைக்கீரையைக் கண்டவர், அது ஒரு பூண்டு, என்றேனும் பூக்கும் என்று நினைக்கக்கூடும். அது பூப்பதும் இல்லை, விதைப்பதும் இல்லை. வித்துத்தூள்களால் விருத்தியடையும் பெரணி இனத்தது அது. மலைநாட்டில் மட்டுமே பெரணி உண்டு என்று எண்ணியிருப்போர், தாம் கடைந்துண்ட கீரையே பெரணி என்று அறிந்தால் மகிழ்வர்.

இவ்வூர்க் கரையிலுள்ள மூன்று தாவரங்களின் உறவினர் யாவர் என்று சொல்லி இப்பகுதியை முடிக்கிறேன். மணலில் ஊதா நிறப் பூவோடு படரும் அடப்பங்கொடி, சர்க்கரைவள்ளிக்கும் வள்ளைக்கீரைக்கும் நெருங்கிய உறவு. மூன்றின் பூவும் ஒரே புனல் வடிவம். முள்முள்ளாக நிற்கும் ராவணன் மீசை, நெல்லின் குடும்பத்துப் புல். அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் உருண்டை முதிர்ந்ததும் கழன்று காற்றில் கரை நெடுக உருண்டோடி விதை பரப்புகிறது. வேலிகளின் மேல் இலையின்றி நூலாகப் பின்னிக்கிடந்து பிற செடிகளின் சாற்றை உறிஞ்சும் கொத்தானோ, நறுமணம் கமழும் இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பத்தது. உருவத்தை நம்பி உறவு தேடியிருந்தால் இம்மூன்றில் ஒன்றையேனும் நாம் கண்டுபிடித்திருப்போமா?

இந்நிலத்துத் தாவரங்களை முறையாகப் பதிவு செய்த வரலாறு புதுச்சேரிக்கு உண்டு. 1816-ல் பிரெஞ்சு அரசின் சார்பில் இங்கு வந்த லெஷெனோ த லா தூர் தென்னாட்டுச் செடிகளைச் சேகரித்தார். 1826-ல் நகரத்தில் தாவரப் பூங்கா தோன்றியது. பெரொத்தே என்ற அறிஞர் பிற்காலத்தில் அதனைப் பேணினார். 1955-ல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உலர்தாவரத் தொகுதி ஒன்று இன்றும் காக்கப்படுகிறது. வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்த தோப்போ, ஆட்சியாளர் எவரும் அமைக்காமல், பக்தியினால் மக்கள் வெட்டாது விட்டமையால் நிலைத்த காடு. காயாவும் வீரையும் வன்கொடிகளும் செறிந்த அத்தோப்பு, இக்கரையில் ஒரு காலத்தில் பரவியிருந்த உலர் பசுமைக் காட்டின் எச்சமாகும்.

அன்பர்களே, 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் கல்லணைகள் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைப்பட்டு, வடபாலுள்ள கரைகள் தேய்ந்து வருவதை நீங்கள் என்னைக் காட்டிலும் நன்கு அறிவீர்கள். ஒரு கொடி கடலைத் தடுத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அத்துணைப் பெரிய காரியத்தை அதன்மேல் சுமத்துவது நியாயமன்று. ஆனால் அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் கணுவுக்குக் கணு வேர்விட்டு, காற்று கொண்டுவரும் மணலைப் பிடித்து மேடாக்குகின்றன என்பது உண்மை. கரை சிறிதேனும் மிஞ்சியிருக்கும் இடங்களில், களை என்று கருதி அவற்றைப் பிடுங்குவதும் தீயிடுவதும் வேண்டாம் என்பது என் முதல் விண்ணப்பம்.

இரண்டாவது விண்ணப்பம் மாணவர்களுக்கு. உங்கள் தெருவில் வளரும் ஒவ்வொரு தாவரத்தினின்றும் இலையும் பூவும் உள்ள ஒரு சிறு கிளையைக் கொய்து, பழைய செய்தித்தாள்களின் நடுவே வைத்துப் பாரமேற்றி, தாளை நாள்தோறும் மாற்றி உலர்த்துங்கள். உலர்ந்ததைத் தடித்த தாளில் ஒட்டி, கண்ட இடம், நாள், வீட்டுப் பெரியவர்கள் அதற்கு வழங்கும் பெயர், அதன் உபயோகம் ஆகியவற்றைக் கீழே எழுதுங்கள். நகரத்து நிறுவனத்தில் இருப்பதைப்போல் பிள்ளைச்சாவடிப் பள்ளியிலும் ஓர் உலர்தாவரத் தொகுதி உண்டாவதற்குப் பணம் வேண்டுவதில்லை. பழைய தாளும், பசையும், பார்க்கும் பொறுமையும் இருந்தால் போதும். வருகிற விடுமுறையிலேயே இப்பணியைத் தொடங்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.